பாரிஸிலிருந்து வாடுஸ் வரை: ஐந்து நாடுகளுக்கு ஓர் இ-சிம்

பாரிஸ் நகரின் கார் து லியோன் நிலையத்தில் புறப்படும் அதிவேக ரயில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரை அடைகிறது. அங்கிருந்து ரைன் ஆற்றை ஒட்டிக் கிழக்கே சென்று, ஜெர்மனியின் தென்கோடியில் விரிந்து கிடக்கும் கான்ஸ்டன்ஸ் ஏரியைப் படகில் கடந்து, ஆஸ்திரியாவின் பிரகென்ஸ் வழியாக லீக்டன்ஸ்டைனின் தலைநகரான வாடுஸுக்குப் போய், இறுதியில் சூரிக்கில் விமானம் ஏறுகிற பயணி ஐந்து நாடுகளின் மண்ணை மிதித்திருப்பார். ஐந்தும் ஷெங்கன் உடன்பாட்டில் அடங்கியவை என்பதால் அவருக்கு ஒரே விசா போதும். எல்லைகளில் அவ்வப்போது நடக்கும் சோதனைகளைத் தவிர, கடவுச்சீட்டில் முத்திரை குத்துவோர் வழியில் எங்கும் இல்லை. ஆனால் அவருடைய கைபேசிக்கு இந்த ஐந்து நாடுகளும் ஒரே நிலப்பரப்பு ஆகிவிடுவதில்லை, ஏனெனில் விசா செல்லுபடியாகும் பகுதியும் ரோமிங் கட்டணச் சலுகை செல்லுபடியாகும் பகுதியும் வெவ்வேறு ஒப்பந்தங்களால் வரையப்பட்டவை. வெளிநாட்டுப் பயணத்துக்கு இ-சிம் வாங்குவோர் பெரும்பாலும் ஒரு ஜிபி என்ன விலை என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இந்த வழித்தடத்தில் அதற்கு முன்பாகப் பார்க்க வேண்டியது திட்டத்தில் அடங்கிய நாடுகளின் பட்டியல். அந்தப் பட்டியலைச் சரிபார்க்கக் கையில் இருக்க வேண்டியது பயணச்சீட்டு.

இந்த வழித்தடம் சிம் அட்டையின் பிறப்பிடத்துக்கும் அருகில் செல்கிறது. கான்ஸ்டன்ஸ் ஏரியிலிருந்து சில மணி நேர ரயில் பயணத்தில் உள்ள மியூனிக் நகரைச் சேர்ந்த, நாணயத் தாள் அச்சிடுவதில் பெயர் பெற்ற கீசெக்கே அண்டு டெவ்ரியன்ட் என்னும் நிறுவனம் 1991இல் முதல் சிம் அட்டைகளைத் தயாரித்து ஃபின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனத்துக்கு விற்றது. அன்றைய அட்டை இன்றைய வங்கி அட்டையின் அளவில் இருந்தது. பின்னர் அது மூன்று முறை சுருங்கி 12.3 மில்லிமீட்டர் நீளமும் 8.8 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட நானோ சிம் ஆயிற்று. சுருங்கியதெல்லாம் சுற்றியிருந்த நெகிழி மட்டுமே; சந்தாதாரரின் அடையாள எண்ணையும் அதை மெய்ப்பிக்கும் மறைகுறியீட்டுத் திறவுகோலையும் பூட்டி வைத்திருக்கும் சில்லின் வேலை மாறவில்லை. அந்தச் சில்லைக் கைபேசியின் மின்சுற்றுப் பலகையிலேயே பதித்துவிட்டு, உள்ளடக்கத்தை மட்டும் இணையத்தின் வழியே இறக்கிக்கொள்ளும் முறைதான் இ-சிம். உலகக் கைபேசி நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ, பொதுநுகர்வோர் கருவிகளுக்கான இ-சிம் விதிமுறையை 2016இல் வெளியிட்டது. அதே ஆண்டில் சாம்சங் கைக்கடிகாரம் ஒன்றிலும், 2017இல் கூகுளின் பிக்சல் 2 கைபேசியிலும், 2018இல் ஆப்பிளின் ஐபோன் எக்ஸ்எஸ் வகையிலும் அது இடம்பெற்றது. 2022இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட ஐபோன் 14 சிம் அட்டை செருகும் துளையே இல்லாமல் வெளிவந்தது.

இறக்கிக்கொள்ளப்படும் உள்ளடக்கம் 'புரொஃபைல்' எனப்படுகிறது. விற்பனையாளர் அனுப்பும் கியூஆர் குறியீட்டில் அடிப்படையாக இரண்டு தகவல்கள் இருக்கின்றன: புரொஃபைல் காத்திருக்கும் சேவைக் கணினியின் முகவரி, அந்தப் பயணிக்கென ஒதுக்கப்பட்ட புரொஃபைலை அடையாளம் காட்டும் குறிச்சொல். கைபேசி அந்த முகவரியைத் தொடர்புகொண்டு, தன் சில்லுக்குரிய 32 இலக்க எண்ணைக் காட்டித் தன்னை மெய்ப்பித்த பிறகு, அந்தச் சில்லு மட்டுமே திறக்கக்கூடியபடி மறைகுறியாக்கப்பட்ட புரொஃபைல் வந்து சேர்கிறது. நடைமுறையில் முக்கியமான இரு விளைவுகள் இதிலிருந்து பிறக்கின்றன. முதலாவது, இறக்குவதற்கே இணையம் தேவைப்படுவதால், வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கிய பிறகு இந்த வேலையைத் தொடங்குவதைவிடப் புறப்படும் முன் வீட்டு வைஃபையில் முடித்துக்கொள்வது நல்லது. குறியீடு வந்திருக்கும் அதே கைபேசியின் கேமராவால் அதை வருட முடியாது என்பதால் இன்னொரு திரையோ அச்செடுத்த தாளோ வேண்டியிருக்கலாம், அல்லது குறியீட்டை எழுத்துவடிவில் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கலாம். இரண்டாவது, பல விற்பனையாளர்களின் குறியீடு ஒரே முறை மட்டுமே செல்லும். புரொஃபைலைக் கைபேசியிலிருந்து அழித்தால் பணம் கொடுத்து வாங்கியதும் அதோடு போய்விடும்.

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ புறப்படுகிறவர் தம் கைபேசி இ-சிம்முக்கு இடம் கொடுக்கிறதா என்பதை *#06# என்று அழுத்திப் பார்க்கலாம். ஐஎம்இஐ எண்களுடன் 32 இலக்க எண் ஒன்றும் திரையில் தோன்றினால் சில்லு இருக்கிறது என்று பொருள். ஒரே பெயரில் விற்கப்படும் கைபேசியே ஒரு நாட்டுப் பதிப்பில் இ-சிம்முடனும் இன்னொரு நாட்டுப் பதிப்பில் இல்லாமலும் வருவதுண்டு. ஆகவே விளம்பரத்தை நம்புவதைவிடக் கையில் உள்ள கருவியைச் சோதிப்பதே உறுதி. தவணை ஒப்பந்தத்தில் வெளிநாட்டில் வாங்கிய கைபேசி அந்த நிறுவனத்துக்கே பூட்டப்பட்டிருந்தால் வேறு எந்தப் புரொஃபைலும் அதில் இயங்காது. வாங்கும் இடத்திலும் ஒரு வரம்பு உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களின் சிம்களை இந்தியாவில் விற்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் தடையின்மைச் சான்று தேவை. அது இல்லை என்ற காரணத்தால் 2024 ஜனவரியில் ஏர்அலோ, ஹோலாஃப்ளை ஆகிய செயலிகள் அரசின் ஆணைப்படி ஆப்பிள், கூகுள் கடைகளின் இந்தியப் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டன. வெளிநாட்டு எண்களைக் கொண்டு நடந்த இணைய மோசடிகள் இதன் பின்னணியில் இருந்தன. எனவே வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளில் பரிந்துரைக்கப்படும் பெயர்களையெல்லாம் இந்தியாவிலிருந்து வாங்கலாம் என்று எண்ணிவிடாமல், அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் வாங்குவதோ இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக்கை ஒப்பிட்டுப் பார்ப்பதோதான் முறையான வழி.

இந்தியப் பயணிக்கு வீட்டுச் சிம்மைக் கழற்றி வைப்பது பெரும்பாலும் தவறான முடிவாகவே அமைகிறது. வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. யுபிஐ செயலிகள் அந்தச் சிம் கைபேசியில் இருப்பதையே அடையாளமாகக் கொள்கின்றன. 2024 பிப்ரவரியில் ஈஃபிள் கோபுர நுழைவுச்சீட்டுக்கு யுபிஐ வழியாகப் பணம் செலுத்தும் வசதி தொடங்கப்பட்ட பிறகு, பாரிஸில் இறங்கும் இந்தியருக்கு இது வெறும் ஊர்க் கவலை அல்ல. பயண இ-சிம்கள் பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டுமே உரியவை, அவற்றில் அழைக்கவோ குறுஞ்செய்தி பெறவோ எண் இருப்பதில்லை. சுவிட்சர்லாந்தின் பொது வைஃபைகளில் பல, பயன்படுத்துவோரை அடையாளம் காணக் குறுஞ்செய்தியில் ஒரு குறியீட்டை அனுப்புகின்றன. அந்தக் குறியீடு வந்து சேரவும் வீட்டு எண் விழித்திருக்க வேண்டும். ஆகவே புறப்படும் முன் வீட்டுச் சிம்மில் வெளிநாட்டு ரோமிங் சேவையை இயங்கச் செய்து, குறுஞ்செய்தி பெறுவதற்குக் கட்டணம் உண்டா என்று நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட வேண்டும். பயண இ-சிம்மிலோ டேட்டா ரோமிங் இயங்கியே ஆக வேண்டும், ஏனெனில் அந்தச் சிம் எங்கும் விருந்தாளியாகவே நுழைகிறது. ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் இன்னொன்றின் டேட்டாவுக்குத் தானாகத் தாவும் வசதி பல கைபேசிகளில் உள்ளது. அதையும் அணைக்காவிட்டால், மலைக்குடைவு ஒன்றைக் கடக்கும் சில நிமிடங்களில் வீட்டுச் சிம்மின் கணக்கில் பெருந்தொகை ஏறக்கூடும்.

பாரிஸின் வடபுறத்து லா ஷப்பல் பகுதியில், கார் து நோர் நிலையத்தை அடுத்த தெருக்களில், ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக உள்ளன. மளிகைக்கும் புடவைக்கும் நகைக்கும் பெயர் பெற்ற அந்தத் தெருக்களில் தொலைபேசி அட்டைகளும் சிம்களும் நெடுங்காலமாக விற்பனையாகி வருகின்றன. புலம்பெயர்ந்தோர் தாயகத்துக்குப் பேசும் தேவையிலிருந்து வளர்ந்த நிறுவனங்களில் ஒன்று, இலங்கையில் பிறந்த சுபாஸ்கரன் அல்லிராஜா 2006இல் தொடங்கிய லைக்காமொபைல். தமிழ்த் திரைப்படத் தயாரிப்பின் வழியாகத் தமிழ்நாட்டிலும் அறியப்பட்ட பெயர் அது. சொந்தமாக அலைக்கோபுரங்கள் இல்லாமல் மற்றொரு நிறுவனத்தின் வலைப்பின்னலை மொத்த விலைக்கு வாங்கித் தம் பெயரில் விற்கும் இத்தகைய நிறுவனங்கள் மெய்நிகர் வலைப்பின்னல் நிறுவனங்கள் எனப்படுகின்றன. பயண இ-சிம் விற்பனையாளர்களும் அடிப்படையில் இந்த முறையை அடியொற்றியவர்களே, ஆனால் ஒரு நாட்டின் வலைப்பின்னலை அல்ல, பல நாடுகளுக்குள் நுழையும் ரோமிங் உரிமையை அவர்கள் மொத்தமாக வாங்குகிறார்கள். அதனால்தான் ஓர் இ-சிம்மின் உண்மையான குணம் அதன் விளம்பரப் பெயரில் இல்லை. அது எந்த நாட்டு நிறுவனத்தின் எண்ணைத் தாங்கி வருகிறது, அந்த நிறுவனம் யாருடன் ஒப்பந்தம் செய்துள்ளது என்பவற்றில் இருக்கிறது.

ஒவ்வொரு சிம்முக்குள்ளும் பொதுவாக 15 இலக்கம் கொண்ட சந்தாதாரர் எண் ஒன்று உள்ளது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை. பிரான்சுக்கு 208, சுவிட்சர்லாந்துக்கு 228, ஆஸ்திரியாவுக்கு 232, ஜெர்மனிக்கு 262, லீக்டன்ஸ்டைனுக்கு 295, இந்தியாவுக்கு 404, 405. இரண்டில் தொடங்குபவை ஐரோப்பா, நான்கில் தொடங்குபவை ஆசியா என்று இந்த எண்களைப் பகிர்ந்தளிப்பது ஜெனீவாவில் உள்ள பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 1865 மே 17 அன்று 20 நாடுகள் பாரிஸில் கையெழுத்திட்ட தந்தி உடன்படிக்கையில் பிறந்த அமைப்பு அது. எல்லையில் ஒரு நாட்டுத் தந்தியாளர் செய்தியைத் தாளில் எழுதிக் கொடுக்க, மறுபக்கத்தவர் அதை மீண்டும் தட்டி அனுப்பிக்கொண்டிருந்த நிலையை அந்த உடன்படிக்கை முடிவுக்குக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் இந்தியா 1869இல் அதில் சேர்ந்தது. அதன் அலுவலகம் முதலில் பெர்ன் நகரில் இயங்கியது, 1948 முதல் ஜெனீவாவில் இயங்குகிறது. நாட்டுக்கு ஓர் எண் என்னும் இந்த ஒழுங்கு இல்லையென்றால், அயல்நாட்டுக் கோபுரம் ஒன்று தன்னிடம் வந்து நிற்கும் கைபேசி யாருடைய வாடிக்கையாளர், கட்டணத்தை யாரிடம் கேட்பது என்று அறியவே வழியிருக்காது.

கட்டணத்தின் அளவை முடிவுசெய்வது வேறொரு சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 முதல் தன் எல்லைக்குள் ரோமிங் கூடுதல் கட்டணத்தை நீக்கியது. 2022இல் புதுப்பிக்கப்பட்ட விதி 2032 வரை செல்லும். பயணியின் கண்ணில் படாத முக்கியமான பகுதி, நிறுவனங்கள் தமக்குள் வாங்கிக்கொள்ளும் மொத்த விலைக்கு அந்த விதி வைத்த உச்சவரம்பு: ஒரு ஜிபிக்கு 2022இல் 2 யூரோ, ஆண்டுதோறும் குறைந்து 2027இல் 1 யூரோ. ஐரோப்பியத் திட்டங்கள் மலிவாக இருப்பதன் அடிப்படை இந்த வரம்பே. ஒன்றியத்தின் 27 நாடுகளோடு, ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பைச் சேர்ந்த நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும் இதில் அடக்கம். சுவிட்சர்லாந்து அடங்காது. அங்குள்ள சுவிஸ்காம், சன்ரைஸ், சால்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் அயல்நாட்டு நிறுவனத்திடம் என்ன விலை கேட்கலாம் என்பதை இந்த விதி கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே 'ஐரோப்பா' என்று பெயரிட்ட திட்டம் ஒன்று சுவிட்சர்லாந்தைச் சேர்த்திருக்கலாம், சேர்த்துக் குறைந்த அளவே தந்திருக்கலாம், முற்றாக விட்டிருக்கலாம். பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டனின் நிலையும் இதுவே. இந்தக் கட்டுரையின் வழித்தடத்தில் சுவிட்சர்லாந்து பலமுறை குறுக்கிடுவதால், அந்த நாட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாத திட்டம் எவ்வளவு மலிவானாலும் வாங்கத் தகாதது.

பாசல் நகரம் இதை இறங்கியவுடனே உணர்த்திவிடுகிறது. அதன் விமான நிலையம் பிரான்சு மண்ணில் அமைந்திருக்கிறது. சுவிஸ் சுங்கப் பகுதி ஒன்று அதற்குள் உண்டு. நகருக்குள் பாடிஷர் நிலையம் என்னும் பெரிய ரயில் நிலையமோ சுவிஸ் மண்ணில் நிற்கிறது, ஆனால் ஜெர்மன் ரயில்வே அதை நடத்துகிறது. அங்கே ஜெர்மன் ரயிலுக்குக் காத்திருப்பவர் ஜெர்மனிக்கு வந்துவிட்டதாக எண்ணலாம். அவருடைய கைபேசி சுவிஸ் அலைகளையோ, சில கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் ஜெர்மன் அல்லது பிரெஞ்சு அலைகளையோ பற்றியிருக்கலாம். நாடு மாறும்போது கைபேசி உடனடியாக மாறிக்கொள்ளும் என்பது பரவலான தவறான எண்ணம். ஒருமுறை பதிவுசெய்துகொண்ட வலைப்பின்னலை அதன் சிக்னல் கேட்கும் வரை கைபேசி விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அது அறவே மறைந்த பிறகுதான், சிம்மில் எழுதப்பட்ட விருப்பப் பட்டியலின்படி வேறொன்றைத் தேடும். எல்லையோரத்தில் ஒரு நாட்டின் அலை மறு நாட்டுக்குள் பல கிலோமீட்டர் வழிந்தோடுவதால், திட்டத்தில் அடங்கிய நாட்டில் நிற்பவரும் அடங்காத நாட்டின் வலைப்பின்னலில் மாட்டிக்கொள்ள நேரும். இப்படித் தற்செயலாக நேரும் ரோமிங்கிலிருந்து வாடிக்கையாளரைக் காப்பதற்கு நியாயமான நடவடிக்கை எடுக்குமாறு ஐரோப்பிய விதியே நிறுவனங்களுக்குச் சொல்கிறது. பயணியின் கையில் உள்ள வழி எளியது: அமைப்புகளில் தானியங்கித் தேர்வை அணைத்துவிட்டு, திரையில் வரும் பட்டியலிலிருந்து தமக்கு உரிய வலைப்பின்னலைக் கையால் தேர்ந்தெடுப்பது.

பாசலிலிருந்து கிழக்கே ரைன் பள்ளத்தாக்கில் செல்லும் ரயில் ஜெர்மன் கரையை ஒட்டி ஓடிச் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் பகுதிக்குள் நுழைந்து மீண்டும் ஜெர்மனிக்குள் வெளிப்படுகிறது. 23 மீட்டர் உயரமும் 150 மீட்டர் அகலமும் கொண்ட ரைன் அருவி ஷாஃப்ஹவுசனுக்கு அருகில் உள்ளது. கோடையில் அதன் இரைச்சல் கரையில் நிற்பவர்களின் பேச்சையே மூழ்கடிக்கும் அளவுக்கு ஓங்கும், அங்கே கைபேசியை எடுக்காமல் நிற்பதே சிறந்த தேர்வு. சற்றுக் கிழக்கே இருக்கும் பியூசிங்கன் என்னும் சிற்றூர் முழுவதும் சுவிட்சர்லாந்தால் சூழப்பட்ட ஜெர்மன் நிலம். அதற்கு இரண்டு நாட்டு அஞ்சல் எண்களும் இரண்டு நாட்டுத் தொலைபேசிப் பகுதிக் குறியீடுகளும் உண்டு. மக்கள் அன்றாடம் சுவிஸ் பிராங்கைப் புழங்குகிறார்கள். கம்பித் தொலைபேசியின் காலத்தில் இரு அரசுகளும் கூடிப் பேசி இரண்டு குறியீடுகளை அந்த ஊருக்குக் கொடுக்க முடிந்தது. காற்றில் பரவும் அலைக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை, எந்தக் கோபுரம் வலுவாகக் கேட்கிறதோ அதுவே அங்கே நாடு. இந்தப் பகுதியின் ஜெர்மன் பள்ளத்தாக்குகளில் சிக்னல் அற்ற இடங்களும் உண்டு. மேலும், வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் படலம் பூசிய ரயில் கண்ணாடிகள் அலையையும் சேர்த்தே மட்டுப்படுத்துகின்றன. ஒரு நாட்டில் ஒரே நிறுவனத்துடன் மட்டும் ஒப்பந்தம் கொண்ட இ-சிம்மைவிட இரண்டு அல்லது மூன்று வலைப்பின்னல்களுக்குள் நுழையக்கூடிய இ-சிம் இங்கேதான் தன் கூடுதல் விலைக்கு ஈடு தருகிறது. ரயில் பயணச்சீட்டை முன்கூட்டியே கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு, பரிசோதகர் வரும் நேரத்தில் சிக்னல் இருக்கிறதா என்னும் பதைப்பும் இராது.

ஏரிக்குத் தமிழில் தன் பெயரைத் தந்த கான்ஸ்டன்ஸ் நகரம், 1414 முதல் 1418 வரை நடந்த கிறித்தவத் திருச்சபைப் பேரவையால் வரலாற்றில் இடம்பெற்றது. இன்று அந்த ஜெர்மன் நகரமும் சுவிட்சர்லாந்தின் க்ரோய்ட்ஸ்லிங்கன் நகரமும் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிட்டன. இரண்டுக்கும் இடையே இருந்த கம்பி வேலி 2006இல் அகற்றப்பட்டு, அடுத்த ஆண்டு அதன் தடத்தில் யோஹன்னஸ் டோர்ஃப்லிங்கர் என்னும் கலைஞரின் 22 சிற்பங்கள் நிறுத்தப்பட்டன. நாடுகளின் எல்லை அங்கே சிற்ப வரிசையாகிவிட்டது. அந்தச் சிற்பங்களுக்கு இடையே மாலையில் உலவுகிறவர் சில நிமிடங்களில் பலமுறை நாடு மாறுகிறார், கைபேசியோ தொடக்கத்தில் பற்றிய வலைப்பின்னலிலேயே இருந்துவிடுவதும் உண்டு. சுவிட்சர்லாந்தை உள்ளடக்கிய திட்டம் வைத்திருப்பவருக்கு இது ஒரு செய்தியே அல்ல. உள்ளடக்காத திட்டம் வைத்திருப்பவருக்குத் திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தும் எந்தப் பக்கமும் திறக்காது, அல்லது அவசர அழைப்பு மட்டும் என்னும் அறிவிப்பு வரும். அந்த அவசர அழைப்புக்கான 112 என்னும் எண் இந்த ஐந்து நாடுகளிலும் பொதுவானது.

கான்ஸ்டன்ஸிலிருந்து வேகப் படகில் ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபனுக்கும், அங்கிருந்து வாகனப் படகில் ஏறத்தாழ 40 நிமிடத்தில் சுவிஸ் எதிர்க்கரையான ரோமன்ஸ்ஹோர்னுக்கும் போகலாம். ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபன், 1900 ஜூலையில் செப்பலின் வான்கப்பலின் முதல் பறப்பு நடந்த இடம். சுமார் 63 கிலோமீட்டர் நீளமும் 251 மீட்டர் ஆழமும் கொண்ட இந்த ஏரியின் பெரும்பகுதியில் மூன்று நாடுகளும் ஏற்றுக்கொண்ட எல்லைக்கோடு இன்றுவரை இல்லை. நடு ஏரியில் கோடு செல்வதாகச் சுவிட்சர்லாந்து கருதுகிறது. ஆழமான நீர்ப்பரப்பு மூவருக்கும் பொது என்பது ஆஸ்திரியாவின் நிலை. ஜெர்மனி திட்டவட்டமான நிலை எதையும் எடுக்கவில்லை. மீன்பிடிப்பும் கப்பல் போக்குவரத்தும் தனித்தனி உடன்பாடுகளால் அமைதியாக நடந்துவருவதால் யாரும் அவசரப்படுவதில்லை. மேல்தளத்தில் நின்று ஆல்ப்ஸ் மலையைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறவர் எந்த நாட்டில் இருந்து அனுப்புகிறார் என்னும் கேள்விக்கு அரசியல் வரைபடத்தில் விடை இல்லை. கட்டணக் கணக்கில் மட்டும் உண்டு, அது அந்த நொடியில் எந்தக் கரையின் கோபுரம் அவருடைய கைபேசிக்குப் பதில் சொல்லியது என்பதே. நீர்ப்பரப்பில் தடைகள் இல்லாததால் அலைகள் நெடுந்தூரம் செல்கின்றன; ஜெர்மன் கரையை விட்டுப் பாதி வழி போகும் முன்பே சுவிஸ் வலைப்பின்னல் தென்படலாம். ஐந்து நாட்டு வழித்தடத்தில் இ-சிம் பட்டியலைச் சரிபார்க்க இதைவிடப் பொருத்தமான சோதனைக் களம் இல்லை.

படகிலிருந்து அனுப்பிய அந்தப் படம் போகும் பாதையும் கவனிக்கத்தக்கது. ரோமிங்கில் உள்ள கைபேசியின் டேட்டா வழக்கமாக அருகிலுள்ள இணையத்தில் நேரடியாகக் கலப்பதில்லை. சிம் வழங்கிய நிறுவனத்தின் நாட்டுக்குச் சென்று அங்கிருந்துதான் இணையத்தில் நுழைகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. பிரான்சு அல்லது போலந்து நிறுவனத்தின் எண்ணைத் தாங்கிய இ-சிம் என்றால் கூடுதல் தாமதம் உணரப்படாத அளவே. சிங்கப்பூர் நிறுவனத்தின் எண்ணாக இருந்தால், சூரிக்கிலிருந்து சிங்கப்பூர் 10,000 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால், போய்த் திரும்ப ஒளிக்கே நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. கடலடிக் கம்பியின் வளைவுகளும் இடைநிலையக் கணினிகளும் சேர்ந்தால் காணொளி உரையாடலில் ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேச்சு மோதும் அளவுக்கு அது நீளும். வரைபடம் பார்க்கவும் செய்தி அனுப்பவும் இது தடையில்லை. ஆனால் டேட்டா இணையத்தில் நுழையும் நாட்டையே வலைத்தளங்கள் பயணியின் நாடாகக் கொள்வதால், பிரகென்ஸ் நகரின் ஏரி மேடையில் கோடைதோறும் நடக்கும் இசைநாடக விழாவுக்குச் சீட்டுத் தேடுகிறவரின் திரையில் அறியாத மொழியில் விளம்பரங்கள் வரலாம், வங்கிச் செயலி சந்தேகத்தில் உள்நுழைவைத் தடுக்கலாம். சில விற்பனையாளர்கள் ஐரோப்பாவுக்குள்ளேயே டேட்டாவை இணையத்தில் இறக்கிவிடும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். இணையம் எந்த நாட்டின் வழியாகத் திறக்கும் என்பதை வாங்கும் முன்பே கேட்பது பயணியின் உரிமை. நல்ல விற்பனையாளர் அதை மறைப்பதில்லை.

எவ்வளவு டேட்டா வாங்குவது என்பதில் பெரும்பாலோர் தேவைக்கு மிஞ்சியே வாங்குகிறார்கள். நிலப்படங்களை முன்கூட்டியே இறக்கிவைத்து, இரவில் விடுதி வைஃபையில் படங்களை ஏற்றிக்கொள்ளும் ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு 5 ஜிபி தாராளம். சாதாரணத் தரக் காணொளி மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபியையும் உயர்தரக் காணொளி 3 ஜிபியையும் விழுங்குவதால், ரயிலில் படம் பார்ப்பவரின் கணக்கு வேறு. அளவற்ற டேட்டா என்று விற்கப்படும் திட்டங்களில் பலவற்றுக்கு ஒரு நாளைய வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வேகம் செய்தி படிக்க மட்டும் போதுமான அளவுக்கு இறக்கப்படும், ஹாட்ஸ்பாட் மூலம் மடிக்கணினிக்குப் பகிர்வதும் தடுக்கப்பட்டிருக்கலாம். குடும்பமாகச் செல்வோர் ஒரே இ-சிம்மைப் பகிர எண்ணினால் ஹாட்ஸ்பாட் பற்றிய வரியைத் தேடிப் படிப்பது கட்டாயம். செல்லுபடி நாள்கள் புரொஃபைலை நிறுவிய கணத்திலிருந்து எண்ணப்படுகின்றனவா, முதல் வலைப்பின்னலில் பதிவான கணத்திலிருந்தா என்பதும் அப்படித்தான். நிறுவிய கணத்திலிருந்து எண்ணப்பட்டால், ஊரிலேயே நிறுவி வைக்கும் முன்னெச்சரிக்கை ஓரிரு நாள்களைத் தின்றுவிடும். அத்தகைய திட்டத்தைப் புறப்படும் நாளன்று நிறுவுவதே முறை.

பிரகென்ஸிலிருந்து தெற்கே ஃபெல்ட்கிர்ஹ் வரை ஆஸ்திரிய ரயில் செல்கிறது. அங்கிருந்து லீக்டன்ஸ்டைனைக் குறுக்காகக் கடந்து சுவிட்சர்லாந்தின் புக்ஸ் நிலையம் வரை நீளும் இருப்புப்பாதையையும் ஆஸ்திரிய ரயில்வேயே நடத்துகிறது. 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள லீக்டன்ஸ்டைன், 1920களிலிருந்து சுவிட்சர்லாந்துடன் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, சுவிஸ் பிராங்கைத் தன் நாணயமாகக் கொண்டிருக்கிறது. 1999 வரை தொலைபேசிக்கும் சுவிட்சர்லாந்தின் நாட்டுக் குறியீடே அதற்கு இருந்தது, அதன் பிறகுதான் 423 என்னும் தனிக் குறியீட்டைப் பெற்றது. இவ்வளவு நெருக்கம் இருந்தும், 1995 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பில் உறுப்பினராக இருப்பதால், ரோமிங் சட்டத்தில் அது ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் சேர்கிறது. வாடுஸ் கோட்டையின் கீழே தபால்தலை அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஐரோப்பிய ஒன்றியத் திட்டம் சட்டப்படி செல்லும். பேருந்தில் ரைன் பாலத்தைக் கடந்து மறுகரையில் இறங்கியவுடன் அதே திட்டம் செல்லும் என்ற உறுதி இல்லை. ஆனால் அந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் சுவிஸ் அலைகள் ஆற்றைக் கடந்து வாடுஸ் தெருக்களிலும் கேட்கின்றன. விற்பனையாளர்களின் பட்டியல்களில் லீக்டன்ஸ்டைன் சிறு நாடு என்பதாலேயே விடுபட்டுப்போவதும் நிகழ்கிறது. விடுபட்டிருந்தால் அங்கே எந்தக் கட்டணம், எந்த வலைப்பின்னல் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது, பிறகு வரக்கூடிய வழக்காடலைத் தவிர்க்கும். சுவிட்சர்லாந்தும் லீக்டன்ஸ்டைனும் பெயரிட்டுக் காட்டப்பட்ட திட்டமே இந்தப் பயணத்துக்கு உரியது. அத்தகைய திட்டம் கிடைக்காதபோது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒன்றும் சுவிட்சர்லாந்துக்கு ஒன்றுமாக இரண்டு புரொஃபைல்களை நிறுவி, எல்லைக்கு ஏற்ப ஒன்றை அணைத்து ஒன்றை இயக்குவது நடைமுறைக்கு ஒத்த மாற்று. பல புரொஃபைல்களைக் கைபேசி தாங்கும். வீட்டுச் சிம்மோடு சேர்த்து ஒரே நேரத்தில் இரண்டு மட்டுமே பொதுவாக இயங்கும்.

புக்ஸிலிருந்து சார்கன்ஸ் வழியாக வாலன் ஏரியை ஒட்டிச் சூரிக் செல்லும் ரயிலில் பயணம் முடிகிறது. விமான நிலையத்தில் கைபேசியைத் தூய்மைப்படுத்தும் ஆர்வத்தில் புரொஃபைலை அழித்துவிட வேண்டியதில்லை. நாள்கள் மீதமிருந்தால் விமானம் தாமதமாகும்போது அது உதவும், சில விற்பனையாளர்களிடம் அதே புரொஃபைலை ரீசார்ஜ் செய்து அடுத்த பயணத்துக்கும் பயன்படுத்தலாம். துபாயிலோ தோஹாவிலோ இஸ்தான்புல்லிலோ விமானம் மாறுவோர், ஐரோப்பியத் திட்டம் அந்த ஊர்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது என்பதை நினைவில் கொண்டு, அங்கே டேட்டாவை அணைத்து நிலைய வைஃபையை நாடலாம். விமானத்துக்குள்ளேயே இயங்கும் சிறு கோபுரங்கள் எந்த நாட்டையும் சேராதவை. அவற்றின் கட்டணம் ஐரோப்பிய வரம்புக்கும் பயண இ-சிம்மின் பட்டியலுக்கும் வெளியே நிற்பதால், கதவு மூடப்படும்போது பயண இ-சிம்முடன் வீட்டுச் சிம்மையும் விமானப் பயன்முறையில் அணைத்து வைத்து, சென்னையில் இறங்கிய பின் வீட்டுச் சிம்மின் டேட்டாவை மீண்டும் இயக்க வேண்டும்.